ஒன்பதாம் நம்பர் எந்த ஊருக்கு?

ஆனி எட்டு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி. வற்றிக் கிடக்கிற கண்மாய்க்குள் ஆறு பேர் நிற்கிறார்கள். ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஆறு பேர். ஏழாவது ஆள் நீ. நீ எங்கே என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். பாலவனத்தத்தில், உன் வருங்கால மாமனாருடைய மைதானத்தில், அவருடைய ஆட்களோடு, அவர் வாங்கிக் கொடுத்த பூட்ஸில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறாய். "சும்மா பழக்கத்துக்குத்தானப்பா" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். நான் சரி என்றேன். சரி இல்லை.

அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எதிரே உட்காரவைத்துச் சொன்னால் நான் கத்துவேன், நீ எழுந்து போவாய், உன் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. போட்டிக் கமிட்டியின் வாட்ஸப் குரூப்பிலும் போடப்போகிறேன். எட்டு ஊர்க்காரர்களும் படிக்கட்டும். அந்தக் குரூப்பில் உன் மாமனாரும் இருக்கிறார். முக்கியமாக அவர் படிக்கட்டும். கேள்வி ஒன்றே ஒன்றுதான். இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். அதற்கு அடுத்து, ஆடி முதல் ஞாயிறு கண்மாய்ப் போட்டி தொடங்குகிறது. நீ எந்த ஊருக்கு ஆடப்போகிறாய்? பிறந்த ஊருக்கா, பெண் எடுக்கிற ஊருக்கா?

குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரும் மதுரையிலிருந்து காலேஜ் பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும். நம் ஊர் பனியனைப் போட்டுக்கொண்டு நம் ஊர்ப் பெயர்கூடத் தெரியாதவன் கோல் போடுவான். ஊர்க்காரன் கரையில் உட்கார்ந்து கடலை தின்பான். இது வேண்டாம், சொந்த ஆட்கள்தான் ஆட வேண்டும் என்று ஆறு வருஷத்துக்கு முன் கமிட்டியில் முடிவானது. யார் சொந்த ஆள் என்பதில் சண்டை வந்தது. அப்போது செயலாளர் நான். இப்போதும் நான்தான். அந்த விதியை எழுதியவனும் நான்தான். ஊரில் பிறந்தவன் ஆடலாம், அல்லது ஊரில் பெண் எடுத்தவன் ஆடலாம். இரண்டு ஊர்ச் சொந்தம் உள்ளவன் முதல் ஆட்டத்துக்கு முன் எந்த ஊர் என்று சொல்லிவிட வேண்டும். பெண் எடுத்தவன் என்பதை நான் ஏன் சேர்த்தேன் என்று எல்லாருக்கும் தெரியும். உன் அத்தையைக் கட்டியிருக்கிற அருப்புக்கோட்டை தங்கராசுவுக்காக. பவர்லூம் பட்டறையில் நின்று நின்று அவருக்கு நாலு பக்கமும் கண் இருக்கும். கோல்கம்பத்துக்கு நடுவில் கையை விரித்தால் பாதி அடைந்துவிடும். அவர் இல்லாவிட்டால் நம் கோல், கதவு இல்லாத மாட்டுக் கொட்டம். அந்தக் கூட்டத்தில் எதிர்ப்பார் என்று நான் பயந்த ஒரே ஆள் பாலவனத்தம் வேலுச்சாமி. அவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். வீட்டில் அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருந்தது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு விதியை எழுதினால் அதன் எல்லாப் பக்கமும் கரன்ட் பாயும் என்று எலெக்ட்ரிக்கல் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு நாற்பத்து நாலு வயது. என்னோடு பாலிடெக்னிக் முடித்து மில்லில் சேர்ந்தவர்கள் இப்போதுதான் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு டியூஷனில் கொண்டுபோய் விடுகிறார்கள். நான் கல்யாணப் பத்திரிகையோடு அலைகிறேன். என்னைச் சம்பந்தி என்று கூப்பிடுகிறார்கள். இருபத்தொரு வயதில் எனக்குக் கட்டிவைத்தார்கள், அடுத்த வருஷமே நீ. முடி இன்னும் கறுப்புத்தான். தொப்பை கிடையாது. வலது முழங்கால் ஒன்றுதான் போய்விட்டது. அது பேரிங் மாதிரி, போனால் கிரீஸ் வைத்து ஓட்டலாம், பழைய சத்தம் வராது. இந்தக் கால் போகிறவரைக்கும் பதினெட்டு வருஷம் நம் ஊருக்கு ஒன்பதாம் நம்பர் நான்தான்.

உனக்கு ஏழு வயதாகும்போது டவுனில் பூட்ஸ் வாங்கினேன். வளருகிற கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன். மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்து நுனியில் அடைத்து மாட்டிவிட்டேன். கோடையில் கண்மாய்க் கரிசல் வெடித்துக் கிடக்கும், சில வெடிப்பில் கணுக்கால்வரை இறங்கும். போட்டிக்கு முன்பு டிராக்டரில் சவுட்டு மண் அடித்து அடைப்போம், மற்ற நாளெல்லாம் அப்படியேதான் ஆட்டம். அதனால் நம் பக்கத்து ஸ்ட்ரைக்கர் தரையை நம்பமாட்டான். பந்து அந்தரத்தில் இருக்கும்போதே முடிவெடுத்துவிடுவான். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். கருவேல முள் ஏறாமல் எந்தப் பக்கமாக ஓடிவர வேண்டும் என்று காட்டியது நான். நீச்சலும் நான்தான். கிணற்று மேட்டில் நிறுத்தி, குதிடா என்றேன். நீ பயம் என்று சொல்லவில்லை, அழவும் இல்லை. வலது கையால் பனியன் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு பிடித்த கையோடு அப்படியே குதித்தாய். தண்ணீருக்குள் போயும் பனியனை விடவில்லை, நான்தான் விரலைப் பிரித்துவிட்டேன்.

எனக்கு முடியாமல் போனது ஒன்று உண்டு. இடது கால். ஒன்பது வருஷம் அதற்காகப் பாடுபட்டேன். கணுக்கால் எப்படிப் பூட்டியிருக்க வேண்டும், ஊன்றுகிற கால் பந்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினேன். மில்லில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் இணைப்பைக்கூட நான் அவ்வளவு பொறுமையாக விளக்கியதில்லை. நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாய். பிறகு பந்தைச் சுற்றிக்கொண்டு போய் வலது காலால் அடிப்பாய்.

பெண் பார்க்கப் போன அன்று வேலுச்சாமி வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ விருதுநகரில் வண்டி சர்வீஸ் சென்டரில் வேலை பார்ப்பது, சம்பளம், நம் நிலம், நான் மில்லில் என்ன பார்க்கிறேன் என்பதெல்லாம் சொல்ல உன் அம்மா பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேசரித் தட்டை உன் பக்கம் நகர்த்திவிட்டு, "சம்பளம் கெடக்கட்டும், இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கூடும். மாப்ள, இடது கால்ல அடிப்பீகளா?" என்றார். இன்னும் பெண்ணே வெளியே வரவில்லை, அதற்குள் மாப்பிள்ளை. நான் முந்திக்கொண்டு, அடிப்பான் என்றேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, "அவ்வளவா வராது மாமா" என்றாய். அதற்குள் மாமா. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மாவிடம், அவர் பெண் கொடுக்கவில்லை, ஆள் எடுக்கிறார் என்றேன். "பொண்ணு லட்சணமா இருக்கா, படிச்சிருக்கா, மரியாதையாப் பேசுறா. நீங்க அங்க போயும் பந்தத்தான் பாத்துருக்கீக" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து உன்னிடம் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். உன் வலது கை சட்டை ஓரத்தைப் பிடித்தது. பிடித்திருக்கிறது என்றாய். உண்மைதான் என்று எனக்குத் தெரியும். ஒன்று உனக்கு வேண்டும், அதில் இறங்கப் பயமாகவும் இருக்கிறது என்றால்தான் அந்தக் கை அங்கே போகும். அதனால்தான் நான் மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தேன். கல்யாணத்தில் எனக்கு இம்மியும் வருத்தமில்லை.

முகூர்த்தம் குறித்ததில்தான் எனக்குச் சந்தேகம். வைகாசியில் நல்ல நாள் மூன்று இருந்தது. மண்டபமும் கிடைத்தது. வேலுச்சாமி ஆனி கடைசி முகூர்த்தம்தான் வேண்டும் என்று நின்றார். ஏன்? ஆனி முடிந்தால் ஆடி. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள், தலை ஆடி விருந்துக்கு மாப்பிள்ளையையும் கூப்பிடுவார்கள். அதாவது போட்டி நடக்கும்போது நீ அவர் வீட்டில், அவர் இலையில். மற்ற மாமனார்கள் தலை ஆடிக்கு வேட்டி சட்டை வைப்பார்கள், வசதி இருந்தால் மோதிரம் வைப்பார்கள். உன் மாமனார் பதினொன்றாம் நம்பரோ ஒன்பதாம் நம்பரோ போட்ட பனியனைத் தாம்பாளத்தில் வைப்பார். அந்த முகூர்த்தத்தைக் குறித்தது ஜோசியர் இல்லை, நான் அச்சடித்துக் கொடுத்த போட்டி அட்டவணை.

அவரை எனக்கு நேற்று இன்றா தெரியும்? பதினைந்து வருஷம் எதிரும் புதிருமாக ஸ்ட்ரைக்கராக ஆடியிருக்கிறோம். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஓடியதே கிடையாது. கோல்கம்பத்துப் பக்கத்தில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நிற்பார். பந்து வந்தால் தட்டிவிடுவார், வராவிட்டால் கோல்கீப்பரிடம் ஊர்க்கதை கேட்பார். திருச்சுழிப் பக்கம் ஒரு இறுதி ஆட்டம். அன்று மைதானம் முழுக்க ஓடியவன் நான். கம்பத்தில் இரண்டு முறை அடித்தவன் நான். ஆட்டம் முடியப்போகிற நேரம். வேலுச்சாமி பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்திருந்தார். எங்கிருந்தோ வந்த பந்து சவுடு சரியாக அடைக்காத ஒரு வெடிப்பில் விழுந்து, திசை மாறி எழும்பி, அவர் இடுப்பில் பட்டு உள்ளே போய்விட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தபிறகுதான் கோல் என்றே அவருக்குத் தெரியும். பாளையம்பட்டி டீக்கடையில் இன்றைக்கும் சொல்கிறார்கள், வேலுச்சாமி குனிந்து போட்ட கோல் என்று. நான் போட்ட கோல்களில் ஒன்றுக்காவது பெயர் இருக்கிறதா? தலையால் முட்டியது, தூரத்திலிருந்து அடித்தது, மூன்று பேரைத் தாண்டிப் போய் அடித்தது எல்லாம் இருக்கிறது. எதற்கும் பெயர் கிடையாது. குனிந்து போட்டதற்குப் பெயர் இருக்கிறது.

ஆட்டத்தை விடப்போகிற சமயத்தில் இரண்டு பேரும் மேனேஜர் ஆனோம். நம் பக்கத்தில் மேனேஜர் என்றால் ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பவன், வேன் பிடிப்பவன், சவுடு அடிக்க டிராக்டர் சொல்பவன், கோட்டுக்கு வெளியே நின்று கத்துபவன், தோற்றால் திட்டு வாங்குபவன் எல்லாம் ஒரே ஆள்தான். நான் பாதி ஆட்டத்தில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து மண்ணில் கோடு போட்டு விளக்குவேன். நான் விளக்கி முடிப்பதற்குள் விசில் ஊதிவிடும். வேலுச்சாமி பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். பாதி ஆட்டத்தில் ஆளுக்கொரு பன்னீர் சோடா கொடுப்பார். "என்னப்பா, வீட்டுக்குப் போக நேரமாகலையா? ரெண்டப் போட்டுட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான் அவருடைய பயிற்சி. போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். மூன்று வருஷமாகக் கோப்பை அவருடைய உரக்கடையில், பூச்சிமருந்து டின்களுக்கு மேல்தட்டில் இருக்கிறது. நம் வெள்ளாமைக்கு நான் அருப்புக்கோட்டையில் போய் உரம் வாங்குவது விலைக்காக இல்லை.

இந்த எரிச்சல் அவர்மேல் மட்டும் என்று நினைத்துவிடாதே. உன்மேலும் உண்டு. உனக்குப் பதினாறு வயதில், அரையிறுதி ஆட்டம் ஒன்றில், நான் ஆட்டக்காரனாகவும் மேனேஜராகவும் உள்ளே இருந்தேன். நீ வெளியே உட்கார்ந்திருந்தாய். முழங்கால் அன்றைக்கே இழுத்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து யாரோ, "பெரியவர எறக்கு, சின்னவன ஏத்து" என்று ஆரம்பித்தான். கரை முழுக்கப் பிடித்துக்கொண்டது. நான் காதில் விழாத மாதிரி ஓடினேன். கோல்கம்பத்திலிருந்து தங்கராசு, "மச்சான், நீங்க ஓடுறதப் பாத்து இங்க நிக்கிற எனக்கு மூச்சு வாங்குது" என்றார். நான் என்னையே இறக்கிவிட்டு உன்னை ஏற்றினேன். என் பனியனையே கழற்றிக் கொடுத்தேன், ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனாய். கொஞ்ச நேரத்தில் தலையால் முட்டி ஒரு கோல். கரை குதித்தது. நானும் கை தட்டினேன். வயிறு எரிந்தது. பெற்ற மகன்தானே, எரிச்சல் குறையும் என்று பார்த்தேன், கூடியது. வேறு யாராவது என்றால் அவன் ஆட்டத்தில் குறை கண்டுபிடித்திருக்கலாம். நான் பழக்கிய ஆட்டத்தில் நான் என்ன குறை கண்டுபிடிப்பது? உனக்கும் அந்த நாள் வரும். கரையில் கத்துவதற்கு முன்பே நீயாகக் கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்துவிடு. வந்தபிறகு உடனே மேனேஜர் ஆகாதே. ஒரு வருஷம் சும்மா இரு. ஆடுகிற ஆசை காலில் மிச்சம் இருக்கிறவன் கோட்டுக்கு வெளியே நின்றால், உள்ளே இருக்கிறவன் தவறு செய்யும்போதெல்லாம் கொஞ்சம் சந்தோஷப்படுவான். என்னைப் பார்த்துக்கொள்.

போன வியாழக்கிழமை சமையல்காரர் விஷயமாகப் பாலவனத்தம் போனேன். வேலுச்சாமி மைதானத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். நீ வேலை முடித்து வீட்டுக்கு வராமல் அங்கே நின்றுகொண்டிருந்தாய். உன் இடது காலில் பூட்ஸ், வலது காலில் ரப்பர் செருப்பு. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. செருப்புக் காலால் உதைத்தால் பந்தோடு செருப்பும் பறக்கும், மைதானமே சிரிக்கும். அதற்கு வெட்கப்பட்டு நீ இடது காலால் உதைத்தாய். ஒன்று, இரண்டு இல்லை, அத்தனையும் இடது கால். கம்பத்தின் மூலையில் போய் விழுந்தது. ஒன்பது வருஷம் நான் படம் போட்டது அங்கே இரண்டு வாரத்தில், அறுந்துபோகிற ஒரு செருப்பில் முடிந்திருந்தது. அது பயிற்சியே இல்லை, அவமானப்படுத்துவது. ஆனால் பந்து மூலையில் விழுந்தது. வேலுச்சாமி குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"பாத்தீகளா சம்பந்தி. உங்க பையனுக்கு ரெண்டு காலு இருக்கு."

"பொறந்தன்னைக்கே எண்ணித்தான் வாங்குனோம்" என்றேன்.

"எண்ணுனீக. பழக்கல."

மற்றொரு நாற்காலியைப் போடச் சொன்னார், நான் உட்காரவில்லை. நின்றபடி உன் ஆட்டத்தைப் பார்த்தேன். மில்லில் ஒரு மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று எல்லாரும் சொன்னாலும் நான் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்பேன். நிற்கப்போகிற மோட்டார் முன்கூட்டியே ஏதாவது சொல்லும். அன்று நான் ஒன்றைப் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனோம். என் வருங்கால மருமகள் சுகந்தி காபி கொண்டுவந்தாள். உன் மாமனார் உள்ளே சமையல்காரருக்குப் போன் பேசப் போயிருந்தார். சுகந்தி என்னிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நீயோ உன் அம்மாவோ கேட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்துக்கொள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சின்னப் பிள்ளையில இங்க நீங்க ஆடி நான் பாத்துருக்கேன் மாமா. ஒரே ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டீக. அன்னைக்கு எங்கப்பா சாப்பிடவே இல்ல" என்றாள். நான் அந்தக் காபியைப் போல ஒரு காபி இதுவரை குடித்ததில்லை. குடை, நாற்காலி, பன்னீர் சோடா எல்லாம் வைத்துக்கொண்டு சிரிக்கிற மனுசன் என் கோலுக்காக ஒரு வேளை பட்டினி கிடந்திருக்கிறார். அந்தப் பெண்ணை நன்றாக வைத்துக்கொள். ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்து வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காராதே. அவள் அதைப் பார்த்தே வளர்ந்தவள், மறுபடியும் அதே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ஜெயித்துவிட்டு வந்தும் இரண்டு மணி நேரம் அதையே பேசாதே. உன் அம்மா இருபத்து மூன்று வருஷமாக டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பது ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அன்றைக்கே வீட்டில் நேராகக் கேட்டேன், எந்த ஊருக்கு ஆடுவாய் என்று. "பாக்கலாம்ப்பா" என்றாய். வலது கை சட்டை ஓரத்தில் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே ஆட உனக்கு ஆசை. என்னிடம் சொல்லத்தான் பயம்.

அதன்பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் குரூப்பில் உள்ளவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். அடுத்த ஞாயிறு கமிட்டிக் கூட்டம். விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். பெண் எடுத்தவன் என்றால், கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். தங்கராசுவுக்கு ஆபத்தில்லை, உனக்கு இந்த வருஷம் வழியில்லை. நாலு ஊருக்குப் போன் பேசினேன். தங்கராசு வீட்டுக்கே வந்துவிட்டார். "மச்சான், நம்மளோட சேத்து அஞ்சு ஊரு. நீங்க வாசிங்க, நாங்க கையத் தூக்கிருவோம்" என்றார். உன் அம்மா அவருக்குக் காபி டம்ளரை வைத்துவிட்டு என்னிடம், "பெத்த மகனுக்கு எதிரா விதி போடுற மனுசன இப்பத்தான் பாக்கேன்" என்றாள். அவனுக்கு எதிராக இல்லை, அவருக்கு எதிராக என்றேன். "இனிமே ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரெண்டும் ஒண்ணுதான் என்பது என் மனசில் நின்றது. இன்னும் நிற்கிறது.

இன்று மாலை இந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து யோசித்தேன். அந்த வரியைச் சேர்த்தால் நீ நம் ஊருக்கு ஆடுவாய். நன்றாகவும் ஆடுவாய், நீ முகத்தைத் தூக்கி ஆடுகிற ஆள் இல்லை. கோப்பையும் வரலாம். ஆனால் வேலுச்சாமி தோற்றதாக ஆகாது. அவர் சிரித்துக்கொண்டே கை கொடுப்பார். பாளையம்பட்டி டீக்கடையில் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், செயலாளர் பேப்பரில் போட்ட கோல் என்று. எனக்கென்று ஒரு கோலுக்குப் பெயர் வருகிறது என்றால் அது அதுவாக இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், அன்று அவர் வயிறார வீட்டில் சாப்பிடுவார். அவர் சாப்பிடக் கூடாது. அதற்கு விதியை மாற்றினால் போதாது, மைதானத்தில் ஏதாவது நடக்க வேண்டும். அது நீ எந்த ஊருக்கு ஆடினாலும் நடக்க வேண்டும்.

ஆகவே, இனி நான் செய்யப்போவது இவைதான்.

1. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் மாப்பிள்ளை விதியைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். நான் போட்டது, அப்படியே இருக்கட்டும். தங்கராசு மச்சான் கையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

2. கல்யாணத்தில் சம்பந்தியோடு ஒரே பந்தியில் உட்காருவேன். குனிந்து போட்ட கோலைப் பற்றி அவர் எடுத்தால், எழுந்திருக்காமல் ரசம் கேட்பேன்.

3. நம் ஊர் ஒன்பதாம் நம்பர் பனியனைத் துவைத்து, போட்டியன்று காலை ஏழு மணிவரை யாருக்கும் தராமல் வைத்திருப்பேன். ஏழு மணிக்கு நீ வந்து நிற்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன். போன் பண்ணிக் கேட்க மாட்டேன். வாசலைப் பார்க்க மாட்டேன் என்று மட்டும் எழுத முடியவில்லை.

4. நீ எதிர்ப்பக்கம் நின்றால், நம் டிஃபென்ஸ் முத்துக்கருப்பனை உன்மேல் விடுவேன். அவனிடம் சொல்லப்போவதை இங்கேயே எழுதுகிறேன். இவனுக்கு இப்போது இடது காலும் உண்டு. ஆனால் இடது காலால் அடிப்பதற்கு முன்னால் இவன் வலது கை பனியன் ஓரத்தைப் பிடிக்கும். பிடித்த உடனே பாய்ந்து அடைத்துவிடு, பந்து வேறெங்கும் போகாது. வியாழக்கிழமை நான் நின்று பார்த்தது இதைத்தான். ஒவ்வொரு முறையும் பிடித்தாய். கிணற்று மேட்டில் நின்ற அதே கை. குடைக்குள் உட்கார்ந்திருந்தவர் உன் காலை மட்டும் பார்த்தார். சம்பந்தி, படிக்கிறீர்கள் அல்லவா? பழக்கினீர்கள். பார்க்கவில்லை.

5. இதை முத்துக்கருப்பனும் படிப்பான், நீயும் படிப்பாய். உனக்கு நாலு வாரம் இருக்கிறது. கையை விடு. அன்று கிணற்றில் நான் பிரித்துவிட்டேன், இதை நீதான் பிரிக்க வேண்டும். விட்டுவிட்டு அடித்து, அது கோலாகவும் விழுந்தால், எந்த ஊருக்கு விழுந்தாலும் கமென்ட்ரி சொல்பவனிடமிருந்து மைக்கை வாங்கி, கால் பாலவனத்தம் பழக்கியது, கையை விடச் சொன்னது இவன் அப்பன் என்று எட்டு ஊருக்கும் கேட்கச் சொல்வேன்.

6. மறுநாள் காலையில் சுகந்திக்குப் போன் பண்ணி, அவளுடைய அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பேன்.